கணக்கில் சேராத நாற்பத்தைந்து

போன மாதம் தட்டாஞ்சாவடியில் இருக்கும் உங்கள் தொழிற்சாலையில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த உங்கள் பன்னிரண்டு பேருக்கு ஒரு நாள் பாடம் எடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. வாய் சும்மா இருக்காது என்று தெரிந்தவர்கள் இப்படி அவ்வப்போது கூப்பிடுவார்கள். பாடம் முடிந்ததும் வழக்கம்போல "யாருக்காவது கேள்வி இருக்கா?" என்றேன். வழக்கம்போல எல்லோரும் சாப்பாட்டு அறைப் பக்கம் பார்த்தீர்கள். பின்வரிசையில் ஒரு பெண் மட்டும் எழுந்தாள்.

"மேடம், நான் பி.காம். இங்க பாதிப் பேரு மேத்ஸ் படிச்சவங்க. அவங்க யோசிக்கறதே வேற மாதிரின்னு சொல்றாங்க. நெசமாவா? அப்படின்னா நானெல்லாம் இந்த வேலைக்கு லாயக்கு இல்லையா?"

எல்லோரும் சிரித்தீர்கள். கணக்குப் படித்த பையன்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்ததையும் பார்த்தேன். அதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. மணி அடித்த பிறகு தத்துவம் பேசினால் சாபம்தான் கிடைக்கும். அதனால் பதிலை எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இதோ பதில். கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தை ஓரமாக வைத்துவிடுவோம். நான் கணக்கில் எம்.எஸ்ஸி. ஆனால் பதினேழையும் பன்னிரண்டையும் பெருக்கச் சொன்னால் இன்றைக்கும் பேனாவைத் தேடுவேன். எங்கள் வீட்டில் அதிகம் கேலி செய்யப்படுவது என் கூட்டல்தான். கணக்குப் படித்தவர்களுக்கு எண்கள் தானாக வந்து கையில் விழும் என்று நினைக்காதீர்கள்.

அப்படியானால் வித்தியாசமே இல்லையா? இருக்கிறது என்றுதான் ரொம்ப வருடம் நானும் நினைத்தேன். நினைப்பதற்குக் காரணமும் இருந்தது. நான் வேலை பார்த்தது, நோயாளிக்கு டிரிப்ஸ் ஏற்றுகிற டியூப் செட் செய்கிற ஒரு சின்னத் தொழிற்சாலையில். ஆறு மேஜைகள், மேஜைக்கு ஒரு பெண். சொட்டுச் சொட்டாக மருந்து விழும் சின்னக் குடுவையில் டியூபைப் பசை போட்டு ஒட்டுவது, சுருட்டுவது, காகித உறையில் போட்டு மூடுவது, இதுதான் அவர்கள் வேலை. அவர்களை மேய்த்தவர் புரொடக்‌ஷன் மேனேஜர். நல்ல மனுஷர், தொண்டை மட்டும் பெரிசு. உற்பத்தி மோசமான நாளுக்கு மறுநாள் காலையில் ஆறு பேரையும் நிற்க வைத்துத் திட்டுவார். அன்றைக்கு உற்பத்தி நன்றாக இருக்கும். "பாத்தீங்களா மேடம், திட்டுனாத்தான் வேல நடக்குது. போன வாரம் நல்லா இருக்குதுன்னு பாராட்டுனேன், மறுநாளே படுத்துக்கிச்சு" என்பார்.

ரொம்ப மோசமான நாளுக்கு அடுத்த நாள், யாரும் வாயே திறக்காவிட்டாலும், பெரும்பாலும் கொஞ்சம் நன்றாகத்தான் இருக்கும். ரொம்ப நல்ல நாளுக்கு அடுத்த நாள் கொஞ்சம் இறங்கும். ஏற்ற இறக்கம் என்றால் அதுதான். அவரிடம் பந்தயம் கட்டினேன். "ஒரு மாசம், ஒத்தப்படைத் தேதில மட்டும் திட்டுங்க. இரட்டைப்படைத் தேதில எவ்வளவு மோசமா இருந்தாலும் வாயத் தொறக்காதீங்க." பாவம், இரட்டைப்படை நாளில் அவர் பட்ட அவஸ்தை! மாதக் கடைசியில் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. எல்லோருக்கும் சமோசா வாங்கித் தந்தார். திட்டுவதை நிறுத்தவில்லை என்பது வேறு விஷயம்.

இப்படி இரண்டு மூன்று விஷயம் நடந்ததில் எனக்கு நல்ல பேர். என் தலையும் கொஞ்சம் கனத்துப் போயிருந்தது. எங்கள் முதலாளி அதற்கு இன்னும் எண்ணெய் ஊற்றினார். அவர் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தமிழ்க் குடும்பத்துக்காரர். எழுபது வயது இருக்கும். பழைய புதுச்சேரி வழக்கப்படி எல்லோரும் அவரை முசியே என்றுதான் கூப்பிடுவோம். என்னை அவர் மதாம் என்பார். அவர் படித்தது லிசே என்கிற பிரெஞ்சுப் பள்ளியில். அங்கே கணக்கில் முதலாவதாக வருகிறவன்தான் எல்லாவற்றிலும் முதலாவது என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள். "மதாம் ஒண்ணு சொன்னா அதுக்கு மேல பேச்சு இல்ல" என்று என் முன்னாலேயே மற்றவர்களிடம் சொல்வார். கேட்க எவ்வளவு சுகமாக இருக்கும் தெரியுமா? இந்தச் சுகம்தான் என்னைக் கவிழ்த்தது.

ஒரு மே மாதம். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஒரு மருத்துவமனையிலிருந்து பெரிய அட்டைப்பெட்டி வந்து இறங்கியது, கூடவே ஒரு கடிதம். எங்கள் டியூப் செட்டுகள் ஒட்டிய இடத்தில் ஒழுகுகின்றன. நர்ஸுகள் கவனித்து உடனே மாற்றியதால் நோயாளி யாருக்கும் ஆபத்து இல்லை. அடுத்த முறையும் அப்படிக் கவனிப்பார்கள் என்று சொல்ல முடியாது. காரணம் என்ன, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று வெள்ளிக்கிழமைக்குள் பதில் அனுப்ப வேண்டும். பெட்டிக்குள் அறுபத்திரண்டு செட்டுகள் இருந்தன.

முசியே என்னைக் கூப்பிட்டார். "மதாம், யாருன்னு கண்டுபுடிங்க" என்றார். ஏன் என்று கண்டுபிடிக்கச் சொல்லவில்லை, யார் என்றுதான் சொன்னார். நானும் அந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் தலையாட்டிவிட்டு வந்தேன்.

யார் என்று கண்டுபிடிக்க எங்களிடம் ஒரு வழி இருந்தது. உறையை மூடியதும் காகிதப் பக்கத்தின் மூலையில் அந்தந்த மேஜையின் எண்ணை ரப்பர் முத்திரையால் குத்த வேண்டும். பெண்கள் அதை சீல் என்பார்கள். வந்த அறுபத்திரண்டு உறைகளில் பதினேழில் முத்திரை இருந்தது. அந்தப் பதினேழில் பதினொன்று நாலாம் மேஜை.

எனக்குக் கை பரபரத்தது. ஆறு மேஜையும் ஒரே அளவு வேலை செய்கிறார்கள். பதினேழில் ஒரு மேஜைக்கு மூன்று வரலாம், போனால் நாலு வரலாம். பதினொன்று வருமா? மாடியில் ஏ.சி. அறைக்குள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நாலாம் மேஜை மற்ற மேஜைகளைப் போலத்தான் வேலை செய்கிறது என்றால், இப்படித் தற்செயலாக நடக்க ஏறக்குறைய எண்பதாயிரத்தில் ஒரு வாய்ப்புதான். இரண்டு முறை சரிபார்த்தேன். கணக்கில் ஒரு புள்ளி பிசகில்லை.

அறிக்கை எழுதினேன். ஒழுகலுக்குக் காரணம் நாலாம் மேஜை. அடிக்குறிப்பாக, எட்டுப் பாயின்ட் பொடி எழுத்தில், ஒரு வரி: "முத்திரை இல்லாத 45 உறைகள் கணக்கில் சேர்க்கப்படவில்லை." நேர்மையாக எழுதிவிட்டோம் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

நாலாம் மேஜையில் இருந்தவள் அஞ்சலாட்சி. வம்பாகீரப்பாளையத்துப் பெண். பத்தாவது வரை படித்தவள். ஏழு வருடமாக எங்களிடம் வேலை செய்தாள். வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். மே மாதம் என்றால் மீன்பிடித் தடைக்காலம், படகெல்லாம் கரையில் கிடக்கும். அந்த இரண்டு மாதமும் மாமியாரும் இரண்டு பிள்ளைகளும் அவள் சம்பளத்தில்தான் சாப்பிட வேண்டும். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். எண் சொல்வதை மனசு மறுக்கக் கூடாது என்று அப்போது ஒரு வீராப்பு.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு முசியே அறையில் விசாரணை. முசியே, புரொடக்‌ஷன் மேனேஜர், நான், அஞ்சலாட்சி. மேஜை மேல் இரண்டு காகிதம். ஒன்று என் அறிக்கையின் தமிழ்ப் படி, அவள் படித்துக் கையெழுத்துப் போட. இன்னொன்று வேலையைவிட்டு நீக்கும் கடிதம், மறுநாள் தேதியிட்டு, தயாராக.

"கையெழுத்துப் போடும்மா. மேடம் எல்லாம் கணக்குப் போட்டுப் பாத்துட்டாங்க. எம்பதாயிரத்துக்கு ஒண்ணாம்" என்றார் மேனேஜர்.

"படிச்சுட்டுப் போடறேன் சார்."

நின்றபடியே படித்தாள். நிதானமாக, விரலை வரிக்கு வரி வைத்து. மேனேஜர் இருமினார். முசியே ஜன்னலைப் பார்த்தார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். கடைசி வரிக்கு வந்ததும் காகிதத்தைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோனாள்.

"மேடம், கீழ எறும்பு மாதிரி ஒண்ணு எழுதிக்கிறீங்களே, இந்த நாப்பத்தஞ்சு. அது யாரு செஞ்சது?"

"தெரியாது. அதுல சீல் இல்ல."

"தெரியாதுன்னு எப்படிச் சொல்றீங்க? நான் செய்யலன்னு தெரியுதில்ல?"

"எப்படித் தெரியும்?"

"நான் சீல் குத்தாம ஒண்ணுகூட உள்ள போட்டதில்ல மேடம். எங்கூர்ல மீன் கூடையக்கூட அடையாளத் துணி கட்டாம லாரில ஏத்தமாட்டோம். அடையாளம் இல்லாத கூடைக்கு அப்புறம் யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. நான் குத்துனேன், மாட்டிக்கினேன். குத்தாதவங்க தப்பிச்சிக்கினாங்க. இதுக்கு இன்னாத்துக்கு அம்மாம் பெரிய கணக்கு?"

"எல்லாம் வாய்ச்சொல்லு" என்றார் மேனேஜர்.

எனக்கு வெட்கமாக இருந்தது.

கல்லூரியில் எங்களுக்கு ஒரு பேராசிரியர் இருந்தார். விடைத்தாளை இரண்டாக மடிக்கச் சொல்வார். இடது பக்கம் "கொடுத்தவை", வலது பக்கம் "நானாக எடுத்துக்கொண்டவை". வலது பக்கம் வெறுமையாக இருந்தால் விடையைப் படிக்கவே மாட்டார், தாளைத் திருப்பித் தூக்கிப் போடுவார். "ஒன்றையும் எடுத்துக்கொள்ளாமல் ஒரு படிகூட ஏற முடியாதும்மா. எதை எடுத்தாய் என்று உனக்கே தெரியவில்லை, அவ்வளவுதான்" என்பார். நான் எடுத்துக்கொண்டு எழுதாமல் விட்டது இதுதான்: ஆறு மேஜையும் ஒரே மாதிரி முத்திரை குத்துகிறார்கள். அதை யார் எனக்குச் சொன்னது? யாரும் சொல்லவில்லை. நாற்பத்தைந்து உறைகளில் முத்திரை இல்லை என்பதே அது பொய்யாக இருக்கலாம் என்று கத்திக்கொண்டிருந்தது. அதைத்தான் நான் எறும்பு அளவில் எழுதி ஓரத்தில் ஒதுக்கியிருந்தேன்.

அவள் சொல்வது உண்மையானால் அவளுடையது பதினேழில் பதினொன்று அல்ல. அறுபத்திரண்டில் பதினொன்று. அறுபத்திரண்டை ஆறு பேருக்குப் பங்கு போட்டால் தலைக்குப் பத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். அவள் மற்றவர்களைவிட மோசமும் இல்லை, உசத்தியும் இல்லை. எண்பதாயிரம் அந்த நிமிடமே செத்துவிட்டது.

பிள்ளைகளே, இந்த நிமிடத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. "அது உன் வாய்ச்சொல்லு" என்று மேனேஜரோடு சேர்ந்துகொள்ளலாம். ஒரு பயலும் என்னைக் கேள்வி கேட்டிருக்க மாட்டான். கணக்கு மேடம் ஆயிற்றே. அந்த வழி எவ்வளவு சுலபமாக இருந்தது என்பதை நான் மறக்கவில்லை. அரை நிமிடம், முழுசாக அரை நிமிடம், அதை யோசித்தேன்.

"முசியே, அந்தக் கடிதத்துல கையெழுத்துப் போடாதீங்க. என் அறிக்கை தப்பா இருக்கலாம்" என்றேன்.

முசியே கண்ணாடியைக் கழற்றினார். "நேத்து எம்பதாயிரத்துக்கு ஒண்ணுன்னீங்க மதாம். இன்னிக்கு இல்லன்றீங்க. நாளைக்கு இன்னா சொல்லப் போறீங்க? அழுவாச்சியப் பாத்து மனசு எளகிப் போச்சா?"

அஞ்சலாட்சி அழவே இல்லை. அழுதது போல இருந்தவள் நான்தான்.

"மனசு இல்ல முசியே. கணக்குதான். கீழ குடோனுக்கு வாங்க. பத்து நிமிஷம்."

வந்தார். அதே மாதம் செய்து, அனுப்பாமல் அடுக்கியிருந்த பெட்டிகள் அங்கே இருந்தன. "நான் எடுக்கல. நீங்களே உங்க இஷ்டத்துக்கு மூணு பெட்டி எடுங்க" என்றேன். ஒன்றை மேலிருந்தும், ஒன்றை மூலையிலிருந்தும், ஒன்றை என்னை முறைத்துக்கொண்டே நடுவிலிருந்தும் உருவினார். பெட்டிக்கு நூறு உறை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அவரே எண்ணினார். பத்து நிமிஷம் ஒரு மணி நேரம் ஆயிற்று. முந்நூறில் முத்திரை இருந்தது எண்பத்தொன்றில். அதில் நாலாம் எண் ஐம்பத்திரண்டு. முந்நூறில் ஆறில் ஒரு பங்கு ஐம்பது என்பதை அவருக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவரும் கணக்கில் முதலாவதாக வந்தவர்தான்.

"அப்ப மத்த அஞ்சு பேரும் சீலே குத்தறதில்ல. அவங்களை..." என்று ஆரம்பித்தார்.

"அவங்க அப்புறம் முசியே. எல்லார் மேஜையிலும் ஒரே மாதிரி ஒழுகுதுன்னா, தப்பு எந்தக் கையிலும் இல்ல. எல்லாருக்கும் பொதுவா ஒண்ணு மாறியிருக்கு. நாளைக்குச் சாயங்காலம் கூரியர் போறதுக்குள்ள கண்டுபுடிச்சுச் சொல்றேன். அது வரைக்கும் அந்தக் கடிதம் உங்க டிராயர்ல இருக்கட்டும்."

"சாயங்காலம் அஞ்சு மணி. அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது" என்றார். அஞ்சலாட்சியை அதுவரை மேஜைப் பக்கம் போகக் கூடாது என்று சாப்பாட்டு அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். அதைத் தடுக்க என்னால் முடியவில்லை.

நான் மாடிக்குப் போகவில்லை. மேஜைகளுக்குப் போனேன். "ரெண்டு மூணு மாசத்துல இங்க இன்னா மாறிச்சு?" என்று ஐந்து பெண்களையும் கேட்டேன். யாரும் நிமிரவில்லை. முத்திரை விஷயம் அதற்குள் காற்றில் பரவியிருந்தது. பயந்துபோயிருந்தார்கள். "சீலப் பத்திக் கேக்க வரல. நான்தான் தப்புக் கணக்குப் போட்டேன். அதச் சரி பண்ணணும்" என்றேன். இரண்டாம் மேஜைக்காரிதான் வாயைத் திறந்தாள்.

"ஸ்டாண்ட எடுத்துட்டாங்க மேடம்."

ஒட்டிய செட்டை அரை மணி நேரம் தொங்கவிட மேஜைக்கு மேஜை கொக்கி வைத்த ஸ்டாண்டு இருந்தது. உற்பத்தி இலக்கை ஏற்றியபோது, தொங்கவிட நேரமில்லை என்று மேனேஜர் அதை எடுத்துவிட்டார். இப்போது ஒட்டியதும் சுருட்டி உறையில் போட்டுவிடுகிறார்கள். முத்திரை குத்தவும் நேரமில்லாமல் போனது அதே அவசரத்தில்தான். பசை சரியாகப் பிடிக்காமலே டியூப் வளைந்து இழுபடுகிறது. எங்கள் சோதனையில் ஏன் தெரியவில்லை என்றால், நாங்கள் தண்ணீர் விட்டு ஐந்து நிமிடம்தான் பார்ப்போம். அந்த ஐந்து நிமிடத்தை நிர்ணயித்ததும் நான்தான். மாடியில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்த எனக்கு, கீழே ஆறு ஸ்டாண்டு காணாமல் போனது இரண்டு மாதமாகத் தெரியவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவத்தில் எனக்கும் ஒரு நல்ல பங்கு இருந்தது.

ஐந்து பெண்களையும் ஆளுக்கு இருபது செட் ஒட்டச் சொன்னேன். பத்தை அரை மணி நேரம் தொங்கவிட்டுப் பிறகு சுருட்ட வேண்டும், பத்தை உடனே சுருட்ட வேண்டும். அஞ்சலாட்சியின் கை ஒன்றில்கூடப் படவில்லை. பிறகு நூறையும் பிரித்து, தண்ணீர் நிரப்பி மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை காலை வந்து பார்த்தால், அரை மணி தொங்கவிட்டுச் சுருட்டிய ஐம்பதின் கீழும் தரை காய்ந்தே இருந்தது. உடனே சுருட்டிய ஐம்பதில் ஆறு ஒழுகியிருந்தன.

முசியேவையும் மேனேஜரையும் கூட்டி வந்து காட்டினேன். மேனேஜர் குனிந்து ஈரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இலக்க ஏத்துனது நான்தான் முசியே" என்றார். தொண்டை பெரிசானாலும் மனுஷன் நல்லவர் என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா?

முசியே தன் அறைக்குத் திரும்பி, டிராயரைத் திறந்து அந்தக் கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"லிசேயில தப்பு விடைக்கு சைபர்தான் மதாம். பாதி மார்க் கிடையாது."

"சைபரே போடுங்க முசியே. அவள உள்ள கூப்புடுங்க."

ஸ்டாண்டை எடுத்த பிறகு அனுப்பிய சரக்கு முழுவதையும் திரும்ப வரவழைக்கிறோம் என்று மருத்துவமனைக்கு எழுதினோம். கூரியர் நாலரை மணிக்குப் போனது.

இப்போது அந்தப் பி.காம். பெண்ணுக்குப் பதில். அம்மா, கணக்குப் படித்தவர்களுக்குத் தனி மூளை கிடையாது. "நீ பார்ப்பது எல்லாம்தானா, உன் கண்ணுக்கு வராமல் போனது எவ்வளவு" என்று கேட்பதுதான் எங்கள் படிப்பின் சாரம் என்றால், அன்றைக்கு அந்த அறையில் அப்படி யோசித்தவள் பத்தாவது படித்த அஞ்சலாட்சி. எம்.எஸ்ஸி. படித்தவள் தடுக்கி விழுந்தேன். அதுவும் என் படிப்பால்தான் விழுந்தேன். படிக்காதவர் யாராவது அந்த அறுபத்திரண்டையும் பார்த்திருந்தால், "இத்தினில சீலே இல்லையே" என்றுதான் முதலில் சொல்லியிருப்பார். எனக்குத்தான் சூத்திரத்துக்குள் நுழையாததை ஒதுக்கி வைக்கப் பழக்கியிருந்தார்கள்.

அதோடு இன்னொன்று. நான் வெறுமனே "அஞ்சலாட்சிதான்" என்று சொல்லியிருந்தால் நாலு பேர் எதிர்த்துப் பேசியிருப்பார்கள். எண்பதாயிரத்துக்கு ஒன்று என்றதும் எல்லோர் வாயும் அடைத்துவிட்டது. எண்ணைக் கையில் வைத்திருப்பவன் தப்பு செய்தால் தடுக்க ஆள் இல்லை. கணக்குப் படித்த பையன்களே, நிமிர்ந்து உட்கார்ந்தீர்களே, இதற்காகத்தான் நீங்கள் மற்றவர்களைவிட அதிகம் பயப்பட வேண்டும்.

ஆனால் படிப்பை முழுசாகக் கைவிடவும் மாட்டேன். அது எனக்கு ஒன்று கற்றுக் கொடுத்திருந்தது. எதிர் உதாரணம் ஒன்றே ஒன்று வந்து நின்றால், வருடக்கணக்கில் கட்டிய தேற்றமானாலும் அந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். சமாதானம் பேசக் கூடாது, "பெரும்பாலும் சரி" என்று இழுக்கக் கூடாது. அரை மணி நேரம் அல்ல, அரை நிமிடத்தில் என்னால் விட முடிந்தது என்றால் அது அந்தப் பழக்கம்தான். பி.காம். படித்தாலும் பழகிக்கொள்ளலாம். கணக்கில் தங்கப் பதக்கம் வாங்கி, அது பழகாமலே ஓய்வு பெற்றவர்களையும் பார்த்திருக்கிறேன்.

கதைக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கே அஞ்சலாட்சியை மேஜைக்குக் கூட்டி வந்தேன். அவளை முசியே அறைக்கு அனுப்பியதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். ஒன்றரை நாள் சாப்பாட்டு அறையில் உட்கார வைத்ததையும் பார்த்திருந்தார்கள். அதனால் நானும் எல்லோர் முன்னாலும்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். "தப்பு அஞ்சலாட்சி மேல இல்ல. நான் போட்ட கணக்கு தப்பு. எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கறேன்" என்றேன்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முத்திரைக் கட்டையைக் கையில் எடுத்தாள், குத்தவில்லை.

"மன்னிப்பு இருக்கட்டும் மேடம். இனிமே நான் சீல் குத்தணுமா, வேணாமா? அதச் சொல்லுங்க."

மற்ற ஐந்து பேரும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். என் வேலை நாட்களில் இவ்வளவு கடினமான கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஒழுங்காக இருந்ததற்காகத்தான் அவள் மாட்டினாள். இனியும் ஒழுங்காக இரு என்று எந்த முகத்தோடு சொல்வது?

"குத்து" என்றேன். "இனிமே சீல் இருக்கறத எண்ணறதுக்கு முன்ன, சீல் இல்லாததத்தான் முதல்ல எண்ணுவேன். குத்தறதுக்கு நேரம் வேணும்னு இலக்கையும் கொறச்சாச்சு. குத்தறவ மாட்டிக்க மாட்டா. இது என் பொறுப்பு."

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், அறிக்கையை விரல் வைத்துப் படித்தாளே, அதே நிதானத்தோடு.

"சரி. குத்தறேன்" என்றாள். "ஆனா மேடம், எறும்பு மாதிரி கீழ எழுதுனீங்களே, அத இனிமே மேல எழுதுங்க. பெரிய எழுத்துல."